என் குரலுக்குக் கீழே என் குரல்

என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவால் படம் போட்டார். பட்டாம்பூச்சி மாதிரி ஒன்றை வரைந்து, அதன் வலது இறக்கையில் ஒரு உருண்டையைப் போட்டார். அதுதான் என் தைராய்டில் வளர்ந்திருந்த கட்டி.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் தெரியல. ஆனா வர வரப் பெருசாயிட்டே போகுது. எடுத்துடறதுதான் நல்லது" என்றார். பிறகு அந்த இறக்கைக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். "இது குரலுக்குப் போற நரம்பு. நூல் மாதிரி இருக்கும். நாங்க ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். ஆனாலும் சில பேருக்குக் குரல் கொஞ்சம் மாறிப்போகும். அத நான் முன்னாடியே சொல்லிடணும்."

"பாட முடியுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பாடகியா?"

"அய்யோ, இல்ல. ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்."

"சரி, அப்போ பேச்சு முக்கியம்" என்று என் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்கில் திரும்பும்போது பொம்மனஹள்ளி சிக்னலில் வண்டி நின்றதும் பாதி திரும்பி, "பாடறதப் பத்தி எதுக்குக் கேட்ட?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளா நீ" என்றார். பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

நான் பாடகி இல்லை என்று சொன்னது பொய்யில்லை. மேடையில் நான் பாடியது ஒரே ஒரு தடவைதான். கூட வேலை பார்த்த டீச்சரின் கல்யாண வரவேற்பில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். பாட வேண்டிய பெண் ஓசூர் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாள். 'இவ நல்லா பாடுவா' என்று யாரோ என்னை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள். பயத்தில் நான் முதல் வரியிலேயே தாளத்தைவிட்டு ஓட ஆரம்பித்தேன். ரிதம் பேட் வாசித்துக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்து, தன் தாளத்தை என் ஓட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். மூன்று பாட்டு பாடி இறங்கினேன். ஆறு மாதம் கழித்து அந்த ரிதம் பேட்காரரையே கட்டிக்கொண்டேன். பகலில் அவருக்குத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. மகள் பிறந்த பிறகு ஷிஃப்டும் கச்சேரியும் ஒத்துவரவில்லை. ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பாட்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நான் சமைக்கும்போது எதையாவது பாட்டாகக் கட்டுவேன். அவர் சப்பாத்திக் கட்டையைத் தட்டுவார். மகள் குழந்தையாக இருந்தபோது அவளைத் தூங்கவைக்க ஒன்று, பல் தேய்க்க அடம்பிடித்தபோது ஒன்று. வகுப்புப் பிள்ளைகள் கை கழுவ ஒன்று:

*கையைக் காட்டு, கையைக் காட்டு,*
*மண்ணு எங்கே போச்சு?*
*தண்ணி வந்து கூட்டிக்கிட்டு*
*சாக்கடைக்குப் போச்சு.*

இன்னொன்று, ஒரு மழை நாளில் அவர் ஷிஃப்டு முடிந்து வரவில்லை என்று ஜன்னலில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது:

*ஓசூர் ரோட்டு மழையே, கொஞ்சம் ஓரமாக நில்லு,*
*ஷிஃப்டு முடிஞ்ச ஆளு வீடு சேந்தபின்னே கொட்டு.*

இப்படி ஆறு பாட்டு முழுசாகத் தேறியிருந்தது. எதையும் நான் எழுதிவைத்ததில்லை. ஃபோனில்கூடப் பதிவு செய்ததில்லை. தினமும் பாடுவதை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஆனேக்கல் போய்வருகிறேன் என்று கிளம்பினார். அங்கே அவருடைய பழைய ஆர்கெஸ்ட்ரா கூட்டாளி, கீபோர்டு வாசித்தவர், இருந்தார். மதியம் திரும்பி வந்தவர் தோள்பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். ஒரு டிபன் தட்டின் அகலம் இருக்கும். முகத்தில் வரிசையாக எட்டு சின்னத் தள்ளுகட்டைகள், ஒரு குட்டித் திரை, ஒரு சிவப்புப் பொத்தான்.

"என்னங்க இது?"

"ரெக்கார்டர். எட்டு டிராக். ஒரு தடவ பாடினா அது ஒரு டிராக்ல உக்காந்துக்கும். அதக் கேட்டுக்கிட்டே இன்னொண்ண வாசிச்சா, அது பக்கத்து டிராக்ல போய் உக்காரும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. பின்னாடி எது சத்தமா வேணும், எது மெல்லமா வேணும்னு இதத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கலாம். அவன் புதுப் பாட்டுக்கு மெட்டுப் போடும்போது வெச்சிருந்தது. 'உங்க வேலை முடியற வரைக்கும் வெச்சுக்கோ'ன்னு குடுத்துட்டான்."

"எந்த வேலை?"

"ஆறு பாட்டு இருக்கில்ல" என்றார், என்னைப் பார்க்காமல். பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய் அவருக்குச் சோறு போட்டேன்.

அந்தக் கருவியோடு வந்த புத்தகம் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. பியூசி, நம்ம ஊர் பிளஸ் டூ, படிக்கும் எங்கள் மகள் இணையத்தில் அதைத் தேடி எடுத்து, அப்பாவுக்குப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னாள். தொழிற்சாலையில் பெரிய பெரிய மோட்டார்களின் வயரைப் பிரித்துப் போடுகிறவர், இந்தச் சின்னப் பெட்டியின் முன்னால் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் நாள் என் குரலை ஹெட்போனில் கேட்டபோது, "இது யாரு? ஜலதோஷம் பிடிச்ச மாதிரி" என்றேன். "நீதான். எங்களுக்கு இப்படித்தான் கேக்குது" என்று மகள் சொன்னாள்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, என்னை அதற்குள் நிற்கவைத்தார்கள். ஜூன் மாதத்துப் புழுக்கம். மின்விசிறியைப் போடக்கூடாது. போட்டால் அதன் சத்தம் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். ஆனால் எங்கள் பிரச்சினை விசிறி இல்லை. பள்ளியிலிருந்து நான் வந்து, அவர் முதல் ஷிஃப்டு முடிந்து வந்து, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்திருக்கும் நேரம் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரைதான். கீழ்வீட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி இட்லி மாவு அரைத்து வியாபாரம் செய்யும் நேரமும் அதுதான். இரண்டு கிரைண்டர்கள். எங்கள் தரையே லேசாக அதிரும். முதல் நாள் பதிவில் என் பாட்டுக்கு அடியில் மாவு அரைபட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் தயங்கித் தயங்கி ஆன்ட்டியிடம் போனேன். அவர் கன்னடக்காரர். நாங்கள் குடிவந்த பத்து வருஷத்தில் என் கன்னடமும் அவர் தமிழும் நடுவழியில் சந்தித்துக்கொண்டிருந்தன. கழுத்துக் கட்டியைப் பற்றியும் ஆபரேஷனைப் பற்றியும் சொல்லி, ஒரு பத்து நாளைக்கு, தினமும் ஒரு அரை மணி நேரம்... என்று இழுத்தேன். கை முழுக்க மாவோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "அரை மணி எதுக்கு? நான் காலையிலயே அரைச்சு முடிக்கிறேன். மாவு சொல்ப புளிக்கும், அவ்ளோதான். இந்தப் பத்து நாள் ஜனங்க புளிச்ச தோசையே தின்னட்டும்" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. சாயங்காலமானால் மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மேலே வர நினைக்கிறவர்களை, கூரியர் ஆளிலிருந்து சீட்டுக்காரம்மா வரை, "ரெக்கார்டிங் நடீத்தா இதே, ஆமேலே பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரெக்கார்டிங் நடக்கிறது, அப்புறம் வா. தெருவுக்கே நாங்கள் ஏதோ சினிமா எடுப்பது போல ஆகிவிட்டது.

இன்னொரு ஆச்சரியம் கரண்ட் கட். அந்த மாதம் எங்கள் பகுதியில் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போனால் தெரு முழுக்க டிவி நிற்கும், மோட்டார் நிற்கும், எதிரே இருந்த தையல் யூனிட்டின் மெஷின்கள் நிற்கும். எங்கள் ரெக்கார்டரோ பேட்டரியில் ஓடும். பத்து வருஷமாகக் கரண்ட் போனால் திட்டிய நாங்கள், விளக்கு அணைந்ததும் "போச்சு, போச்சு, வா!" என்று கம்பளிக்குள் ஓடினோம். கரண்ட் போனால் எலக்ட்ரீஷியன் என்று இவரைத் தேடி வருகிறவர்களையும் ஆன்ட்டி படியிலேயே மடக்கினார்.

எங்களுக்குப் பிடித்த முறை ஒன்று உருவாயிற்று. முதல் டிராக்கில் அவர் சப்பாத்திக் கட்டையாலும் விரலாலும் தாளம் போடுவார். அதைக் கேட்டுக்கொண்டு நான் இரண்டாவதில் பாடுவேன். மூன்றாவதில் மகள் தன் சின்ன கீபோர்டில் இரண்டு மூன்று சுரங்களை அழுத்துவாள். நாலாவதில் என் குரலுக்குக் கீழே ஒரு குரல் வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை அவரே பாடினார். நல்ல தாளக்காரர், ஆனால் சுரம் அவருக்குக் கட்டுப்படாது. மழைப் பாட்டில் அவர் பாடியதைக் கேட்டு மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஒரு நாள் பெரிய தப்பு நடந்தது. மகளைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டை நான் அன்று பாடிய மாதிரி எப்போதும் பாடியதில்லை. பிறகு அவர் தாளத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும் என்று பொத்தானை அழுத்தித் தட்ட ஆரம்பித்தார். முதல் டிராக்குக்குப் பதில் இரண்டாவதை அழுத்தியிருந்தார். போட்டுக் கேட்டபோது என் குரல் இருந்த இடத்தில் சப்பாத்திக் கட்டை தட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போச்சு?" என்றேன்.

அவர் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. "அழிஞ்சிடுச்சு மா."

"உங்களுக்கு எல்லாமே அவசரம்தான். இன்னும் எத்தன நாள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தியது அவருக்கு மட்டுமில்லை, எனக்கே புதுசு. ஆபரேஷன் பயம் அத்தனையும் அந்தக் கத்தலில் இருந்தது. அவர் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக வெட்டி, ஒவ்வொரு தள்ளுகட்டைக்குக் கீழும் ஒட்டி, பேனாவால் எழுதினார்: கட்டை, அவ, பாப்பா, நான். "இனிமே தப்பாது" என்றார். அந்தப் பாட்டை மறுபடி பாடினேன். முதலில் பாடியது போல வரவில்லை. பரவாயில்லாமல் வந்தது. அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ஆறு பாட்டும் முடிந்தன. கடைசியாக எடுத்தது கைகழுவும் பாட்டு. முடிகிற சமயத்தில் கீழேயிருந்து ஆன்ட்டி, தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று தன்னை மறந்து, "டேங்கர் பந்த்து!" என்று கத்தினார். பதிவில் அது அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. தண்ணீரைப் பற்றிய பாட்டின் கடைசியில் தண்ணீர் வந்த செய்தி. அதை அழிக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெட்டது ஒன்றுமில்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. அந்தத் தாளை இவர் மூன்று தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் கட்டி நரம்போடு ஒட்டியிருந்ததாம். பிரித்தெடுக்க நேரமாகியிருக்கிறது. நான் கண்விழித்து "தண்ணி" என்று கேட்டபோது காற்றுதான் வந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா வரும். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. அவர் ஒளித்துப் பேசவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

ஒன்றரை மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். நாற்பது பிள்ளைகள். என்னிடம் இருந்தது ஒரு கிசுகிசுப்பு. முதல் நாள் கரும்பலகை முன்னால் நின்று, "உக்காருங்க" என்று காற்றில் சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்துப் பிள்ளையிடம் அதே மாதிரி காற்றில், "உக்காரணுமாம்" என்றாள். அது அப்படியே பின்வரிசை வரை போயிற்று. நான் கிசுகிசுத்தால் அவர்களும் கிசுகிசுத்தார்கள். ஏதோ ரகசியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள் போல. எங்கள் பள்ளியிலேயே அமைதியான வகுப்பு என்று பேர் வந்தது.

ஒரு நாள் பக்கத்து வகுப்பு டீச்சர், என் கஷ்டத்தைப் பார்த்து, உதவியாக ஒன்று செய்தார். என் மகளிடமிருந்து கைகழுவும் பாட்டை ஃபோனில் வாங்கி, சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஸ்பீக்கரில் போட்டார். என் குரல் தாழ்வாரம் முழுக்கத் தெளிவாக, உயரமாக ஒலித்தது. பிள்ளைகள் குழாயடியில் கூடவே பாடினார்கள். ஒரு பையன் ஸ்பீக்கரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "மிஸ், அது யாரு?" என்று கேட்டான்.

அவனைக் கை கழுவ அனுப்பினேன். வீட்டுக்கு வந்து, "அந்தப் பாட்டையெல்லாம் இனிமே யாரும் போடக்கூடாது" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எனக்காக இத்தனை பேர் பாடுபட்டு எடுத்துவைத்த குரல்மேல் எனக்கே பொறாமையாக இருந்தது. அந்தப் பதிவில் இருந்தவள் நன்றாகப் பாடினாள். நான் இங்கே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். ரெக்கார்டர் பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று.

குரல் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் இருந்தாள். வாரம் ஒருமுறை போவேன். நாற்காலியின் அடியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு "ஆ" சொல்ல வேண்டும். உதட்டை மூடி "ம்" என்று இழுக்க வேண்டும். தினமும் காலையில் எங்கள் வீட்டில் வண்டு நுழைந்த மாதிரி சத்தம் கேட்கும். நாலாவது மாதத்தில் "ம்"முக்கு அடியில் ஏதோ கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அது வளர்ந்து குரலாயிற்று. ஆனால் பழைய குரல் இல்லை. கீழே, கொஞ்சம் கரகரப்பாக. மேலே ஏற முயன்றால் பாதிப் படியில் நின்றுவிடும். பேச்சுக்குப் போதும். ஃபோனில் "சார்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாட முயற்சி செய்யவில்லை.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர் ரெக்கார்டரைக் கீழே இறக்கினார். "கூட்டாளிக்குத் திருப்பிக் குடுக்கணும். ரொம்ப நாளாச்சு. மிச்சப் பாட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கணும். அதுக்கு முன்னாடி மழைப் பாட்டுல நான் பாடினத எடுத்துடலாம்னு பாக்குறேன். கேவலமா இருக்கு. எந்த இடம் வரைக்கும் எடுக்கணும்னு மட்டும் சொல்லிடு. ஹெட்போன்ல கேட்டா போதும்."

எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கேட்ட விதம், மிச்சமிருந்த ஒரு வேலையைச் சேர்ந்து முடிக்கக் கூப்பிடுவது போல இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

சப்பாத்திக் கட்டை ஆரம்பித்தது. பிறகு பதிவில் இருக்கும் அவள். பிறகு, அவளுக்குக் கீழே, வழி தவறிய ஆட்டோ மாதிரி இவர். "ஓரமாக நில்லு" என்ற இடத்தில் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறேழு மாதத்தில் பாட்டு கேட்டுச் சிரித்தது அன்றுதான். "இங்க இப்படிப் போகக்கூடாதுங்க, இப்படிப் போகணும்" என்று சொல்லி, அவர் பிடிக்க நினைத்த அந்தக் கீழ்ச் சுரத்தை முணுமுணுத்துக் காட்டினேன்.

அது வந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. என் புதுக் குரல் அந்த இடத்தில்தான் குடியிருந்தது.

அவர் கை அப்படியே நின்றது. "இரு. ஹெட்போனக் கழட்டாத" என்றார். டேப்பில் 'நான்' என்று எழுதியிருந்த நாலாவது டிராக்கை அழிக்காமல், அதன் சத்தத்தை மட்டும் முழுக்க இறக்கிவிட்டு, காலியாக இருந்த ஐந்தாவதின் பொத்தானை அழுத்தினார். இரண்டு தடவை சரிபார்த்தார். "ஆரம்பத்துலேந்து போடுறேன். தோணுனா பாடு. தோணலன்னா சும்மா இரு."

கம்பளி இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஆரம்பித்தபோது அவள் முதல் வரிக்கு முன்னால் மூச்சை இழுக்கும் சத்தம் காதில் விழுந்தது. நானும் அதே சமயத்தில் மூச்சை இழுத்திருந்தேன். வேறு யாரோடு சேர்ந்து பாடினாலும் அவர் எங்கே மூச்சு விடுவார், எந்த எழுத்தை இழுப்பார் என்று பழக வேண்டியிருக்கும். இவளிடம் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. 'மழையே'யில் கொஞ்சம் தாமதிப்பாள், 'கொட்டு'வைச் சட்டென்று முடிப்பாள். அவள் மேலே ஏறிப் போனபோது நான் ஏற முயலவில்லை. கீழேயே நின்று தாங்கிப் பிடித்தேன். என் கரகரப்பு இருந்ததால் அவள் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, பொத்தானை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். அவளுக்கு என் கரகரக் குரல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"அம்மா, ரெண்டும் சேர்ந்து எப்படி இருக்கு?" என்றாள்.

"கேட்டுப் பாரு" என்று ஹெட்போனைக் கொடுத்தேன்.

அவள் கேட்டு முடித்துவிட்டுப் போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

ஆனேக்கல் பயணம் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாட்டாக, மிச்ச ஐந்துக்கும் கீழ்க்குரல் பாடினேன். தூங்கவைக்கும் பாட்டுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. அதில் அவள் குரலில் இருந்த பயம் எனக்கு மட்டும் தெரியும். இன்னும் சில நாளில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பாடியவள். 'ஒண்ணும் ஆகல, நான் இருக்கேன்' என்று அவளிடம் சொல்ல வழியில்லை. கூடவே பாடினேன்.

திருப்பிக் கொடுக்க நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கீபோர்டுகாரர் வீட்டில் காபி கொடுத்தார்கள். அவர் ரெக்கார்டரில் ஹெட்போனைச் சொருகி மழைப் பாட்டைக் கேட்டார். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி இவரிடம், "கீழ் வாய்ஸ் யாருப்பா? நீ இல்லங்கறது நல்லாத் தெரியுது" என்றார்.

"அவதான்."

"மேல இருக்கறது?"

"அதுவும் அவதான்."

அவர் மறுபடி ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கேட்டார். பிறகு ரெக்கார்டரை அதே துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார். "என்கிட்ட இருந்தா அலமாரியில தூங்கும்மா. நீங்க ஏழாவது பாட்டு போட்டதும் எனக்கு அனுப்புங்க" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினார்.

அந்த வருஷத்தை நினைத்தால் எனக்குக் கட்டியும் கத்தியும் முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை. தாளை இழுத்துப் படம் போட்டு உண்மையைச் சொன்ன டாக்டரம்மா, பத்து நாள் புளித்த மாவு விற்ற ஆன்ட்டி, கேட்காமலே ஆனேக்கல் போய்வந்த என் வீட்டுக்காரர். இவர்களில் யாராவது ஒருவர் சும்மா இருந்திருந்தால்கூட நான் இப்போது எப்படி இருந்திருப்பேனோ. ஆன்ட்டிக்கு நாங்கள் கைகழுவும் பாட்டைப் போட்டுக் காட்டியபோது, தன் "டேங்கர் பந்த்து" வந்த இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த இடத்தை மட்டும் இன்னும் மூன்று தடவை போடச் சொன்னார்.

ஏழாவது பாட்டு இந்த ஜூனில் வந்தது. முழுக்க என் இப்போதைய குரலுக்கென்றே கட்டியது. காட்டுக்குள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் மிருகங்களைப் பற்றி. புதிதாக ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு என் பழைய குரல் தெரியாது. டீச்சர் குரல் என்றால் இதுதான் என்று நினைத்திருக்கிறார்கள். போன வாரம் கரடி வரும் வரியைப் பாடி முடித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், இன்னும் கீழ போங்க. கரடி இன்னும் பெருசு."

போனேன். முடிந்தது. வகுப்பு முழுக்க மேஜையைத் தட்டியது.